பிர்: பறக்காத நாட்களும் சேர்த்து

அன்புள்ள ஐயா,

உங்கள் மலைப்பயணக் குறிப்புகளை விடாமல் படித்து வருகிறேன். அக்டோபர் கடைசியில் ஆறு நாள் விடுப்பு கிடைக்கிறது. நான், தம்பி, அம்மா மூவரும் இமாச்சல் போகிறோம். தம்பிக்கு பிர்-பில்லிங்கில் பாராகிளைடிங் செய்தே ஆக வேண்டும். ஏஜென்ட் போட்டுத் தந்த திட்டத்தில் டல்ஹௌசி, தர்மசாலா, பிர், மணாலி நான்கும் இருக்கின்றன. பிருக்கு ஒரு பகல்தான். காலையில் போய்ப் பறந்துவிட்டு, மாலையே மணாலிக்கு வண்டி ஏற வேண்டும்.

அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. முழங்கால் வலி, இரத்த அழுத்தம் உண்டு. சுத்த சைவம். பறப்பதற்கென்றே இருக்கிற ஊரில் அம்மாவுக்கு என்ன இருக்கிறது? தம்பி பறப்பதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். ஆறு நாளில் நான்கு ஊர் என்றால் பாதி நேரம் மலைப்பாதையில் வண்டிக்குள்தான் போகும். அம்மாவின் முழங்கால் அதைத் தாங்காது. என்னைக் கேட்டால், பிர் ஒன்றுக்கே நான்கு நாள் கொடுங்கள்.

பாசத்தில் மட்டும் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. பிரில் நீங்கள் எப்போது பறப்பீர்கள் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். தௌலதார் மலைத்தொடரின் தெற்குச் சரிவில் இருக்கிறது இந்த இடம். காலை வெயிலில் சரிவு சூடேற, அதை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே எழும்புகிறது. பைலட்டுகள் அதைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். பருந்தும் கழுகும் எங்கே வட்டமடிக்கின்றனவோ அங்கே போய் இவர்களும் வட்டமடிப்பார்கள். மழைக்காலம் முடிந்து வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும் அக்டோபரும் நவம்பரும் இதற்கு நல்ல காலம். 2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இங்கே நடந்ததும் அக்டோபரில்தான். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கவே தடை. ஆனால் அக்டோபரிலும் ஒரு நாள் மேகம் இறங்கும், ஒரு நாள் காற்று திசை மாறும். ஒரே ஒரு பகலை வைத்துக்கொண்டு போகிறவர் அந்த நாளில் என்ன செய்வார்? "எப்படியாவது பறக்க வையுங்கள்" என்று பைலட்டை நெருக்குவார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நான் முதல் முறை போனபோது இதை நேரிலேயே பார்த்தேன். முன்பதிவு செய்து கொடுத்தவர் கீழேயிருந்து போனில் "சீக்கிரம் இறக்கிவிடு, அடுத்த ஆள் நிற்கிறார்" என்று விரட்டிக்கொண்டே இருந்தார். மேலே பறக்கத் தொடங்கும் இடமான பில்லிங்கில் எனக்கு ஒதுக்கியிருந்த பைலட் சின்னப் பையன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கம்பத்தில் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டான். கால் மணி நேரம் கழித்து, விரித்து வைத்த பறக்கும் குடையை மடித்துப் பைக்குள் திணித்துவிட்டு, "இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வாருங்கள்" என்றான். அவனுக்கு அன்றைய கூலி போயிற்று. அந்த ஒரு சொல்லுக்காகவே அவனிடம்தான் பறப்பேன் என்று காத்திருந்தேன். இரண்டு நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் காலை பறந்தோம். பில்லிங் சுமார் 2400 மீட்டர், ஊட்டியைவிடச் சற்று உயரம். முன்னால் பயணி, பின்னால் பைலட், இருவரையும் பெல்ட்டால் பிணைத்திருக்கும். தம்பியிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: ஓடச் சொன்னால் ஓட வேண்டும், தரை காலை விட்டுப் போகும்வரை உட்காரக் கூடாது. பயத்தில் பாதி ஓட்டத்தில் உட்கார்ந்துவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. நாலைந்து எட்டு வைத்தேன். ஆறாவது எட்டுக்குக் காலடியில் மண் இல்லை. அதன் பிறகு ஆட்டம் இல்லை, சத்தமும் இல்லை. காதில் காற்று மட்டும். கீழே படிப்படியாக வயல்கள், தேயிலைத் தோட்டம், மடாலயங்களின் மஞ்சள் கூரைகள். சரிவை ஒட்டிப் போகும்போது ஒரு தேவதாரு மரத்தின் உச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உச்சிக் கிளையில் காய்கள் நிமிர்ந்து நின்றன. இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

பாதுகாப்பைக் கேட்டிருந்தீர்கள். பைலட் மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றவரா, ரிசர்வ் பாராசூட் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். தொடைப் பெல்ட் இரண்டும் மாட்டியிருக்கிறதா என்று தம்பியே தொட்டுப் பார்க்கட்டும். இரத்த அழுத்தம் இருப்பதால் அம்மா பறக்க வேண்டாம்.

ஆனால் அம்மாவுக்கு இந்த ஊரில் இருப்பது கொஞ்சநஞ்சமல்ல. பிர் 1400 மீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஏற்காடு உயரம்தான், மூச்சு வாங்காது. இறங்குதளம் ஒரு பெரிய புல்வெளி. ஓரத்தில் டீயோடு அவரை உட்கார வைத்துவிடுங்கள். வண்ண வண்ணமாக ஒவ்வொன்றாய் வந்து இறங்குவதைப் பார்ப்பதற்கே ஒரு காலைப் பொழுது போதாது. டீ காங்க்ரா டீயாக இருக்கட்டும். 1905 ஏப்ரல் 4 நிலநடுக்கத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் தேயிலைத் தொழில் நொறுங்கிப்போய், பிறகு மெல்ல எழுந்தது. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. பால் ஊற்றாமல் குடிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் புல்வெளியிலிருந்து கொஞ்ச தூரத்தில் திபெத்தியர் குடியிருப்பு. 1960களில் நாட்டை இழந்து வந்தவர்கள் இங்கே வீடு கட்டினார்கள், கூடவே மடாலயமும் கட்டினார்கள். சோக்லிங் மடாலயத்தில் மாலை பூஜை நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். நீளக் கொம்புகளின் அடித்தொண்டைச் சத்தம் தரை வழியாக நம் உடம்புக்குள் வரும். வலமாகச் சுற்றுவது அவர்களுக்கும் வழக்கம் என்பதால் யாரும் அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது. பைன் காட்டுக்குள் இருக்கும் ஷெரப்லிங் மடாலயத்துக்கு வண்டி வைத்துப் போய்வாருங்கள். அங்குள்ள துறவிகளின் ஓதலுக்கு 2004இல் கிராமி விருது கிடைத்தது.

அப்புறம் பைஜ்நாத். பக்கத்திலேயே இருக்கிறது, அரை நாள் போதும். 1204இல் மன்யுகர், ஆஹுகர் என்ற இரண்டு வணிகச் சகோதரர்கள் கட்டிய சிவன் கோவில் என்று சாரதா என்ற பழைய வடநாட்டு எழுத்தில் இருக்கும் கல்வெட்டு சொல்கிறது. சுவாமி பெயர் வைத்தியநாதர். நம் வைத்தீஸ்வரன்தான்! அந்தப் பெயரைக் கேட்டதும் என்னுடன் வந்த பெரியம்மா புள்ளிருக்குவேளூர்ப் பதிகத்தை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். இராவணன் சிவபக்தன் என்பதால் இந்த ஊரில் தசராவுக்கு அவன் உருவத்தை எரிப்பதில்லை. நிலநடுக்கத்திலும் நின்ற கோவில் அது. தூண்களைத் தொட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். காங்க்ரா மக்களின் விருந்துக்கு 'தாம்' என்று பெயர். கல்யாணம், கோவில் விசேஷங்களில் போடுவார்கள். தங்கும் வீட்டுக்காரரிடம் பக்கத்தில் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டு வையுங்கள், ஒரு தடவை கேட்டதற்கே என்னைக் கையோடு அழைத்துப் போனார்கள். நம் பந்தி மாதிரியே தரையில் வரிசையாக உட்கார வைப்பார்கள். தைத்த இலையில்தான் சாப்பாடு. அந்த இலை தரும் கொடி நம் மந்தாரையின் இனம். வெங்காயம், பூண்டு கிடையாது. சோறு வைத்து, கொண்டைக்கடலையைத் தயிரில் நிதானமாக வேகவைத்த 'மத்ரா'வை ஊற்றுவார்கள். அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் உளுந்துப் பருப்பு வரும், அதன் பிறகு 'கட்டா' என்கிற புளிப்புக் குழம்பு, கடைசியில் இனிப்பு. மத்ராவில் தயிர் திரியாமல் இருப்பதுதான் சமையல்காரரின் கைப்பக்குவம். நம் மோர்க்குழம்புக்குப் பழகிய நாக்குக்கு அது அந்நியமாகத் தெரியாது, ஆனால் நெய்யும் ஏலமும் கிராம்பும் அதை வேறு எங்கோ கொண்டுபோய்விடும்.

திபெத்தியக் கடைகளில் துக்பா என்ற நூடுல்ஸ் சூப், மொமோ எல்லாம் சைவத்திலும் உண்டு. ஆனால் துக்பாவின் சாறு எலும்பில் வேகவைத்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். காய்கறி மட்டும் மிதப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 'திங்மோ' என்ற மடிப்பு மடிப்பான ஆவி ரொட்டி அம்மாவுக்குப் பிடிக்கும், இட்லிப் பஞ்சு போல் இருக்கும். உப்புப் போட்ட வெண்ணெய் டீயை டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம். ரசம் என்று நினைத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

மிச்சமிருக்கும் நாட்களைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியிலிருந்து இரவுப் பேருந்து உண்டு. முழங்காலுக்கு அது சிரமம் என்றால் காங்க்ரா விமான நிலையம் வரை போய் டாக்ஸி பிடியுங்கள். 1929இல் போட்ட பதான்கோட்-ஜோகிந்தர் நகர் குறுகிய ரயில் பாதையும் இருக்கிறது. பிருக்குப் பக்கத்து நிலையமான அஹ்ஜுதான் அந்தப் பாதையிலேயே உயரமானது, 1290 மீட்டர். 2022 ஆகஸ்டில் சக்கி ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் போன பிறகு அந்தப் போக்குவரத்து தடைபட்டது, அதனால் எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஓடினால் ஒரு சின்னத் தூரமாவது அம்மாவை அதில் கூட்டிப்போங்கள். ஜோகிந்தர் நகர் நோக்கிப் போகும்போது இடது பக்க ஜன்னல். மலை அந்தப் பக்கம்தான் வரும்.