கப்பலுக்கு அனுப்பப்பட்ட சிறுவனைத் தேடுவது எப்படி? கேள்வி பதில்

பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஏழைச் சிறுவர்களைப் பழைய போர்க்கப்பல்களில் தங்கவைத்துப் படிப்பும் கடல்வேலையும் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்திலோ, கல்யாணத்தால் வந்த சொந்தத்திலோ இருந்தால் எங்கே தேடுவது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பதிவேடுகளோடு ரொம்ப நாளாக மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, என் கணவர் ஸ்காட்லாந்தின் டண்டீ ஊர்க்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஒரு "மார்ஸ் பையன்" என்று மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார். அவர் திருடனா? மாமியாரிடம் நேராகக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: பெரும்பாலும் திருடனாக இருக்க வாய்ப்பில்லை. மார்ஸ் கப்பல் டே ஆற்றில், டண்டீக்கு எதிர்க்கரையில் வுட்ஹேவன் அருகே 1869 முதல் 1929 வரை நின்றது. சட்டப்படி அது ஒரு இண்டஸ்ட்ரியல் ஸ்கூல், அதாவது ஆதரவற்ற பிள்ளைகளைத் தங்கவைத்துத் தொழில் கற்றுக்கொடுக்கும் பள்ளி. 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எந்தப் பிள்ளையை இப்படி ஒரு பள்ளிக்கு அனுப்பலாம் என்று எழுதியிருக்கிறது: 14 வயதுக்குள் இருந்து பிச்சை எடுத்தவன், வீடில்லாமல் சுற்றியவன், அநாதை, தாயோ தகப்பனோ சிறையில் இருக்கிறவன், திருடர்களோடு திரிகிறவன், பெற்றோர் பேச்சுக்கு அடங்காதவன். 12 வயதுக்குள் சின்னக் குற்றம் ஏதாவது செய்தவனையும் அனுப்பலாம், ஆனால் பட்டியலில் அது ஒரு வரிதான். அப்பா செத்துப்போய், அம்மா மில் வேலைக்குப் போய், பையன் பகலெல்லாம் தெருவில் திரிந்தான் என்பதே போதும், 16 வயது வரைக்கும் கப்பல்தான்.

அப்புறம் ஏன் குரல் தாழ்கிறது என்றால், அந்த ஊரில் அடம்பிடிக்கிற பிள்ளையை "மார்ஸுக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுவது வழக்கமாக இருந்தது. அந்தப் பயம் மூன்று தலைமுறை தாண்டியும் வீட்டில் நிற்கிறது. மாமியாருக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். 1879 டிசம்பர் 28 இரவு டே பாலம் உடைந்து ரயில் ஆற்றில் விழுந்தபோது தேடப் போன படகுகளில் மார்ஸ் படகுகளும் இருந்தன.

மார்ஸ் பதிவேடுகள் டண்டீ நகர ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பெயர், பிறந்த ஆண்டு உத்தேசமாக, எந்த ஊரில் இருந்து போனார் என்ற மூன்றையும் எழுதிக் கேளுங்கள். மார்ஸ் பையன் என்றால் டண்டீக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் இருந்து நிறையப் பேர் வந்தார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் "சின்ன வயதில் பயிற்சிக் கப்பலில் இருந்தார்" என்பது மட்டும் தெரியும். எந்தக் கப்பல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேரே கடற்படைக்கு எழுதலாமா?

பதில்: கடற்படைக்கு எழுதாதீர்கள், எல்லோரும் முதலில் அங்கேதான் போய் முட்டிக்கொள்கிறார்கள். கப்பலின் உடம்பு மட்டும்தான் கடற்படையுடையது, அதுவும் ஓய்வு பெற்ற மரக்கப்பல், இரவலாகக் கொடுத்தது. உள்ளே இருந்த பையனுக்கு யார் காசு கொடுத்தார்கள், யார் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள் என்பதுதான் காகிதம் எங்கே இருக்கிறது என்று சொல்லும். கப்பல்கள் வெளியில் இருந்து பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வகை வேறு.

மாஜிஸ்திரேட் ஆணையால் பையன்கள் போன இண்டஸ்ட்ரியல் ஸ்கூல் கப்பல்கள் ஒரு வகை: டேயில் மார்ஸ், கிளைட் பக்கம் கேர்லாக்கில் கம்பர்லாண்ட் (அது 1889-ல் எரிந்த பிறகு எம்ப்ரஸ்), டைன் ஆற்றில் வெல்லெஸ்லி, ஹல்லில் சவுத்தாம்ப்டன், பிரிஸ்டலை அடுத்த போர்டிஸ்ஹெட்டில் ஃபார்மிடபிள், வேல்ஸில் பேங்கர் அருகே கிளியோ, சால்டாஷில் மவுண்ட் எட்ஜ்கம், தேம்ஸில் கிரேஸ் அருகே ஷாஃப்ட்ஸ்பரி, பெல்ஃபாஸ்டில் ஜிப்ரால்டர். குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களுக்கான சீர்திருத்தக் கப்பல்கள் வேறு: லிவர்பூல் பக்கம் மெர்சி ஆற்றில் அக்பர், கிளாரன்ஸ், தேம்ஸில் கார்ன்வால். லண்டன் ஏழைகள் சட்ட நிர்வாகம் அநாதை விடுதிப் பிள்ளைகளை அனுப்பியது கோலியாத்துக்கும் அதற்குப் பின் வந்த எக்ஸ்மவுத்துக்கும். அறக்கொடையில் ஓடியவை அரெதூசா, சிச்செஸ்டர், வார்ஸ்பைட், இன்டிஃபாட்டிகபிள் போன்றவை, அங்கே நீதிமன்ற ஆணை எதுவும் கிடையாது. கடைசியாக கான்வேயும் வொர்செஸ்டரும். அவை பெற்றோர் பணம் கட்டிப் பிள்ளையை அதிகாரியாக்க அனுப்பிய இடங்கள். "எங்கள் தாத்தா கான்வேயில் இருந்தவர்" என்று பெருமையாகச் சொல்லும் குடும்பத்தில் தேடிப் பார்த்தால் கிளியோ வருவதும் உண்டு.

கப்பல் பெயர் தெரியாவிட்டால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்குங்கள். 1871 முதல் 1911 வரை பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்திருக்கிறார்கள், கப்பலில் இருந்த பையன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்து என்றால் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் தளம், மற்றவற்றுக்கு வழக்கமான கட்டணத் தளங்கள். காசு கட்ட வேண்டாம் என்றால் பிரிட்டனில் பல பொது நூலகங்களின் கணினியில் இவற்றில் ஏதாவது ஒன்று இலவசமாகவே திறக்கும்.

கேள்வி: ஐயா, 1881 கணக்கெடுப்பில் கிளியோவில் என் மருமகனின் முப்பாட்டன் பெயர் கிடைத்துவிட்டது. பிறந்த ஊர் மான்செஸ்டர் என்று மட்டும் இருக்கிறது. அடுத்து?

பதில்: நல்ல ஆரம்பம். கிளியோ வேல்ஸ் கரையில் நின்றாலும் இங்கிலாந்து நகரங்களில் இருந்து வந்த பையன்கள் நிறைய, அதனால் மான்செஸ்டர் என்பதில் வியப்பில்லை. வயதை அப்படியே நம்பாதீர்கள், ஓரிரண்டு வருஷம் முன்னே பின்னே வைத்துத் தேடுங்கள்.

இப்போது பின்னோக்கிப் போங்கள். பையன் 14 வயதுக்குள் போயிருக்க வேண்டும், 16-ல் வெளியே வந்திருக்க வேண்டும், எனவே நீதிமன்ற ஆணை பிறந்த காலம் நாலைந்து வருஷத்துக்குள் அடங்கிவிடும். அந்த வருஷங்களுக்கு மான்செஸ்டர் மாஜிஸ்திரேட் நீதிமன்றப் பதிவேடுகளையும் உள்ளூர்ப் பத்திரிகைகளையும் பாருங்கள். பழைய செய்தித்தாள்களின் போலீஸ் கோர்ட் பத்தியில் "பத்து வயதுச் சிறுவன், ரயில் நிலையத்தில் தூங்கிக்கொண்டிருந்தான், கிளியோவுக்கு அனுப்பப்பட்டான்" என்கிற தினுசில் இரண்டே வரி இருக்கும். அந்த இரண்டு வரியில் சில சமயம் தகப்பன் பெயரும் தெருவும் கிடைத்துவிடும். கப்பலில் நடந்தவற்றுக்கு, அதாவது பேண்டு வாசித்தது, படகுப் போட்டி, விபத்து இவற்றுக்கெல்லாம், வேல்ஸ் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தளம் 1919 வரை இலவசம்.

பலரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பினாலும் பெற்றோர் சும்மா இருந்துவிட முடியாது, வாரம் 5 ஷில்லிங் வரை கட்டச் சொல்லிச் சட்டத்திலேயே இடமிருந்தது. கட்டாத தகப்பனைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். எனவே பையன் பெயரை விட்டுவிட்டுத் தகப்பன் பெயரில் தேடுங்கள். பையன் கிடைக்காத இடத்தில் கடன் பாக்கிக்காரத் தகப்பன் கிடைப்பார்.

கேள்வி: அம்மா உயிரோடு இருந்திருக்கிறார், ஆனால் பதிவேட்டில் பையனை "அநாதை" என்று எழுதியிருக்கிறார்கள். பொய் எழுதினார்களா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் தகப்பன் இல்லாவிட்டாலே அநாதை என்று எழுதிவிடுவது சகஜம். அம்மா மறுமணம் செய்து வேறு குடும்பப் பெயரோடு அடுத்த தெருவில் இருப்பார். அவருடைய மறுமணப் பதிவைத் தேடினால் பையனுக்கு இரண்டாவதாக ஒரு குடும்பப் பெயர் கிடைக்கலாம், வெளியே வந்தபின் அவன் அந்தப் பெயரில்தான் வாழ்ந்தானோ என்னவோ. ஆள் மாயமாக மறைந்துவிட்டதாக நினைக்கும் இடங்களில் இதையும் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: அண்ணை, நான் கிளாஸ்கோவில இருக்கிறன். மனுசியின்ர பூட்டன் எம்ப்ரஸ் கப்பல்ல இருந்தவராம். இங்க ஏதும் பார்க்கலாமோ?

பதில்: நீங்கள் கொடுத்து வைத்தவர். கிளாஸ்கோ மிட்செல் நூலகத்தில் நகர ஆவணக்காப்பகம் இருக்கிறது, அங்கே ஏழைகள் நிவாரணம் கேட்டுக் கொடுத்த விண்ணப்பங்கள் மலைபோல் இருக்கின்றன. என்னைக் கேட்டால் பிரிட்டனிலேயே ஏழைக் குடும்பங்களைப் பற்றி இவ்வளவு விவரமாகப் பேசும் காகிதம் அரிது. வீட்டுக்கு வந்து விசாரித்த அதிகாரி எழுதியது அது: கணவன் பெயர், எங்கே பிறந்தார், எத்தனை பிள்ளை, என்ன நோய், இதற்கு முன் எந்தெந்த வீட்டில் குடியிருந்தார்கள், விண்ணப்பித்தவளின் அப்பா அம்மா யார் என்பது வரை போகும். பையன் கப்பலுக்குப் போன குடும்பம் அதற்கு முன்னாலேயே நிவாரணம் கேட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பூட்டனின் தாய் பெயரில் தேடச் சொல்லிக் கேளுங்கள். அயர்லாந்தில் இருந்து வந்த குடும்பம் என்றால் எந்தக் கவுண்டி, எந்தக் கிராமம் என்பதும் அதிலேயே அகப்படலாம், வேறு எங்கும் அது கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: வெளியே வந்தபின் கடற்படையில் சேர்ந்தார் என்று குடும்பக் கதை. உண்மையா?

பதில்: சோதித்துவிடலாம். கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் 1853 முதல் 1872 வரை கடற்படையில் சேர்ந்தவர்கள் ஏ.டி.எம். (ADM) 139 என்ற வரிசையில், 1873 முதல் 1923 வரை சேர்ந்தவர்கள் ஏ.டி.எம். 188 வரிசையில் இருக்கிறார்கள். பெயரும் பிறந்த ஊரும் வைத்து இணையத்திலேயே தேடலாம். உயரம், கண் நிறம், பச்சை குத்தியது வரை இருக்கும்.

அங்கே இல்லையென்றால் குடும்பக் கதை பொய் என்று அர்த்தமில்லை, கொஞ்சம் நிறம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். கப்பலில் இருந்து வந்தவர்களில் நிறையப் பேர் வணிகக் கப்பலுக்கும் மீன்பிடிப் படகுக்கும் போனார்கள், பேண்டில் ஊதிப் பழகியவர்கள் ராணுவ பேண்டுக்குப் போனார்கள், இன்னும் சிலர் கடல் பக்கமே திரும்பவில்லை. வணிகக் கப்பல் என்றால் வேலை கடினம், ஏனென்றால் 1857-க்குப் பிறகு முதல் உலகப்போர்க் காலம் வரை மாலுமிகளுக்கு மையப் பதிவேடே கிடையாது. கப்பல்வாரியாக ஆள் பட்டியல்கள் மட்டும் உண்டு. 1861 தொடங்கிய அந்தப் பட்டியல்களில் பத்தில் ஒரு பங்கு கியூவில், 5-ல் முடியும் ஆண்டுகளுக்கான மீதி கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில், சுமார் 70 சதவீதம் அட்லாண்டிக் தாண்டி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பல்கலைக்கழகத்தில் கிடக்கிறது. கப்பல் பெயர் தெரியாமல் அதில் இறங்க வேண்டாம். 1915 பட்டியல் மட்டும் பெயர்வாரியாக எழுதப்பட்டு இலவசமாகக் கிடைக்கிறது, நாற்பது வயதில் இன்னும் கடலில் இருந்தாரா என்று பார்க்க அது உதவும்.

சேர்க்கைப் பதிவேடு கிடைத்தால் கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். வெளியேறிய பையன் மூன்று ஆண்டுகளில் என்ன ஆனான் என்று அரசு ஆய்வாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததால், "இன்ன கப்பலில் போனான், கடிதம் வந்தது" என்று அங்கே குறித்திருக்கலாம்.

கேள்வி: லிவர்பூல், கத்தோலிக்கக் குடும்பம், 1880 வாக்கில் கிளாரன்ஸ் கப்பல். எங்கே தேடலாம்?

பதில்: கிளாரன்ஸ் கத்தோலிக்கப் பையன்களுக்கான சீர்திருத்தக் கப்பல். இங்கே கொஞ்சம் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள், இவர் தண்டனை பெற்றவர்தான். அன்றைய சட்டப்படி சீர்திருத்தப் பள்ளிக்குப் போகுமுன் குறைந்தது 10 நாள் சிறையில் இருக்க வேண்டும், பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டு. பன்னிரண்டு வயதுப் பையனைச் சிறையில் போட்டது கொடுமை, ஆனால் நமக்கு அதனால் ஒரு காகிதம் கூடுதலாகக் கிடைக்கிறது, சிறைப் பதிவேட்டில் உயரம், மதம், என்ன திருடினார் என்பது இருக்கும். 1884-ல் அந்தக் கப்பலுக்குச் சில பையன்களே தீ வைத்து எரித்தார்கள், வழக்கு பத்திரிகைகளில் விரிவாக வந்தது. உங்கள் ஆள் அந்த வருஷம் அங்கே இருந்திருந்தால் அதைப் படியுங்கள், கப்பலுக்குள் வாழ்க்கை எப்படி என்று அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

கேள்வி: கோலியாத்தில் இறந்த சிறுவன் ஒருவனைத் தேடுகிறேன்.

பதில்: 1875 டிசம்பர் 22 தீ விபத்து என்றால், விளக்கறையில் விளக்கு கீழே விழுந்து பிடித்த தீ அது. இறப்புப் பதிவை ஆர்செட் மாவட்டத்தில் தேடுங்கள், கிரேஸ் அதற்குள் வருகிறது. அவனை அனுப்பிய லண்டன் யூனியனின் (ஏழைகள் நிவாரணத்தைக் கவனித்த வட்டார நிர்வாகம்) ஏழைகள் சட்டப் பதிவேடுகள் லண்டன் ஆவணக்காப்பகத்தில்.

கேள்வி: சிட்னியில் வசிக்கிறேன். ஆஸ்திரேலியாவிலும் இப்படி உண்டா?

பதில்: உண்டு, தேடவும் சுலபம். சிட்னியில் 1867 முதல் வெர்னான், 1892 முதல் 1911 வரை சொப்ரான். பையன்களின் சேர்க்கைப் பதிவேடுகள் நியூ சவுத் வேல்ஸ் மாநில ஆவணங்களில் இருக்கின்றன, பெயர் அட்டவணை இணையத்தில் உண்டு.

கேள்வி: நம்ம ஊரில்? பம்பாய் டஃப்ரின் கப்பலும் இதே வகைதானா?

பதில்: இல்லை. 1927-ல் தொடங்கிய டஃப்ரின், வணிகக் கப்பல் அதிகாரிகளைத் தயாரித்த பள்ளி, கான்வே மாதிரி. சென்னை மாகாணத்துச் சிறுவனை நீதிமன்றம் அனுப்பியது என்றால் கப்பலை விட்டுவிட்டுச் செங்கல்பட்டு சீர்திருத்தப் பள்ளியைப் பற்றி விசாரியுங்கள்.

கேள்வி: ஆவணக்காப்பகம் "மூடப்பட்ட பதிவேடு" என்று பதில் அனுப்பிவிட்டது. இனி?

பதில்: பிள்ளைகளைப் பற்றிய பதிவேடுகளைப் பெரும்பாலும் 100 ஆண்டு வரை மூடி வைப்பார்கள். மார்ஸ் 1929 வரை ஓடியது, எனவே அதன் கடைசிப் பதிவேடுகளுக்கும் இது பொருந்தலாம். கோபப்பட்டு எழுதாதீர்கள். அவர் இறந்ததற்கான சான்றிதழையும் உங்களுக்கு என்ன உறவு என்று காட்டும் பிறப்பு, திருமணச் சான்றுகளையும் இணைத்து, "பதிவேட்டைக் காட்ட வேண்டாம், இவருக்கான பதிவை மட்டும் எடுத்துத் தர முடியுமா" என்று கேளுங்கள். மருமகள் கேட்பதைவிட ரத்த உறவான கணவரோ மாமியாரோ கையெழுத்துப் போட்டால் நல்லது.