பீச்ல குரூப் போட்டோ எடுக்க எது நல்ல நேரம்?

கேள்வி: டிசம்பர்ல தாத்தாவுக்கு சதாபிஷேகம், சொந்தக்காரங்க எல்லாரும் சென்னை வர்றாங்க. மெரினாவுல கடல் பின்னாடி தெரியுற மாதிரி குரூப் போட்டோ எடுக்கணும், காலையிலயா சாயங்காலமா?

பதில்: சாயங்காலம்தாங்க. மெரினா கிழக்கு பாத்த பீச், காலையில சூரியன் கடல் பக்கம்தான் இருக்கும், கடலுக்கு முதுகு காட்டி நின்னா முகமெல்லாம் இருட்டடிச்சிரும். மதியம் வேண்டவே வேண்டாம், கண்ணுக்கடியில நிழல் கட்டும், பெரியவங்க பாவம் வெயில்ல நிக்கவும் முடியாது. டிசம்பர்ல 5:45 வாக்குல சூரியன் மறைஞ்சிடும், அதனால 4:45க்கே தாத்தாவ நடுவுல சேர் போட்டு உக்கார வெச்சு எல்லாரையும் நிறுத்திடுங்க, மேற்கிலருந்து சாய்வா வர்ற வெளிச்சம் அத்தனை முகத்துலயும் அழகா விழும். கண்ணு கூசுச்சுன்னா இன்னும் கொஞ்சம் சூரியன் இறங்கட்டும். எடுக்குறவரோட நிழல் நீளமா முன்னாடி விழும், அது ஃபிரேமுக்குள்ள வராம பாத்துக்கோங்க.