ஜூன் கல்யாணத்துக்கு கில்ட்: 5 கெஜமா, 8 கெஜமா?

வணக்கம் நண்பரே. ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸில் ஜூனில் நண்பர் கல்யாணம், அதற்குக் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடை) வாங்க மூன்று இடத்தில் விலை கேட்டதாக எழுதியிருந்தீர்கள்: 8 கெஜம் 16 அவுன்ஸ் (ஒரு கெஜத் துணியின் எடை) கம்பளி, கைத்தையல், 480 பவுண்டு, 5 கெஜம் 13 அவுன்ஸ் கம்பளி, மெஷின் தையல், 260, அக்ரிலிக் (செயற்கை இழை) 45.

அக்ரிலிக்கை இப்போதே விட்டுவிடுங்கள். நான் முதலில் வாங்கியது அதுதான். ஒரு விருந்தில் உட்கார்ந்து எழுந்ததும் பின்மடிப்பு கலைந்துவிட்டது, இஸ்திரி போட்டும் நிற்கவில்லை. கம்பளியை இரவு தொங்கவிட்டாலே காலையில் சுருக்கம் பெரும்பாலும் போய்விடும்.

உங்களுக்கு 5 கெஜம் 13 அவுன்ஸே போதும். 16 அவுன்ஸ் இன்னும் அழகாக விழும், காற்றில் எளிதில் எழும்பாது. ஆனால் ஜூனில் கல்யாணத்தில் நடனம் தொடங்கினால் வியர்த்துக் கொட்டும்.

பணம் கட்டும் முன் அந்தத் தையல்காரர் தைத்த ஒரு கில்ட்டின் பின்பக்கப் போட்டோ கேளுங்கள். மடிப்புக்கு மடிப்பு துணிக் கட்டங்களின் குறுக்குக் கோடு நேராக ஓட வேண்டும். படி மாதிரி ஏறி இறங்கினால் வேண்டாம். கீழ் ஓரம் மடித்துத் தைத்ததாக இருக்கக் கூடாது, துணியின் நெய்த கரையே ஓரமாக வர வேண்டும். மெஷின் தையல் என்பதற்காகத் தயங்காதீர்கள், இவை இரண்டும் சரியாக இருந்தால் அந்த 260 பவுண்டைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஜீன்ஸ் இடுப்பளவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கில்ட்டைத் தொப்புள் உயரத்தில் கட்டுவார்கள், நீளம் முழங்கால் நடுவரை. வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள், நீங்கள் குனிந்தால் அளவு மாறிவிடும்.