ரோஜாவை ஒருமுறை பிரித்துப் பாருங்கள்

வணக்கம் ஐயா,
அடுத்த மாதம் செந்தூலில் ஒரு மண்டபத்தில் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. வாழ்த்துரையில் ரோஜாவைப் பெண்மையின் குறியீடாகச் சொல்ல ஆசை. அடுக்கடுக்கான இதழ் பெண் மனத்தின் ஆழம், முள் அவள் காவல், சிவப்பு சக்தி என்று படித்தேன். சரிதானே? மாலைக்கு எந்த நிற ரோஜா வாங்கலாம்?
ம., கோலாலம்பூர்

அன்புள்ள ம.,

மகளுக்கு என் ஆசிகள். இந்தப் பூவைப் பற்றியே சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது.

முள்ளை விடுங்கள், மேடைகளில் தேய்ந்துபோன உவமை அது. சிவப்பு சக்திதான், மறுக்கவில்லை. அதற்கு ரோஜா எதற்கு? அபிராமி அந்தாதி முதல் பாட்டிலேயே அம்மையை மாதுளம்போது, அதாவது மாதுளம்பூ, என்கிறது. லலிதா சகஸ்ரநாமம் அவளைச் செம்பருத்தி நிறத்தாள் என்கிறது. ரோஜா கிரேக்கர்களுக்குக் காதல் தெய்வம் அப்ரோடைட்டியின் பூ, பிறகு மரியன்னையின் பூ. ஜெபமாலையின் லத்தீன் பெயருக்கே ரோஜாத் தோட்டம் என்றுதான் பொருள். இரவல் வாங்குவதில் தப்பில்லை. வாங்கியதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மேடையேற்றுகிறீர்களே, அதுதான் எரிச்சல்.

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் நன்றாக விரிந்த ரோஜா ஒன்று வாங்குங்கள். மொட்டு வேண்டாம், உள்ளடுக்கு ஒட்டிக்கொண்டு கிழியும். வெளியிலிருந்து ஒவ்வோர் இதழாகக் கழற்றி வரிசையாக வையுங்கள். போகப்போக இதழ் சிறுக்கும். கடைசியில், ஒரு பக்கம் இதழாகவும் மறுபக்கம் மஞ்சள் மகரந்தப் பையாகவும் இரண்டுங்கெட்டானாகச் சில அகப்படும். அங்கே நிறுத்தி நன்றாகப் பாருங்கள். காட்டு ரோஜாவுக்குப் பெரும்பாலும் 5 இதழ்தான். நடுவில் கொத்தாக மகரந்தக் கேசரங்கள். அந்தக் கேசரங்கள் இதழாக மாறிய செடிகளையே மனிதன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தான். அடுக்கு ரோஜா அப்படி வந்தது. கேசரம் பூவின் ஆண் உறுப்பு அம்மா! பெண் மனத்தின் ஆழம் என்று நீங்கள் உருகுகிற அடுக்கில் பெரும்பகுதி, இதழாகிப்போன ஆண்பாகம்.

பெண்பாகம் கீழே இருக்கிறது. இதழெல்லாம் கழன்றபின் காம்பின் தலையில் பச்சைக் குடுவை ஒன்று நிற்கும். பிளேடால் நெடுக்காக அறுத்தால் உள்ளே ரோமம் அடர்ந்த சின்னச் சின்னச் சூலகங்கள். சூல் பிடித்தால் குடுவை பருத்துச் சிவந்து காயாகும். தொட்டியில் ரோஜா வளர்ப்பவர்கள் அதை விடுவதில்லை. வாடிய பூவை, ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலைக்குக் கால் அங்குலம் மேலே வெட்டிவிடுவார்கள். வெட்டாவிட்டால் சத்து விதைக்குப் போய் அடுத்த பூ தள்ளிப்போகும். பூத்துக்கொண்டே இரு, காய்த்துவிடாதே என்று வைத்திருக்கிற செடி. அதையா பூப்பெய்திய பிள்ளைக்கு உவமை சொல்வீர்கள்? செம்பருத்தியும் மாதுளையும் எங்கே போயின?

மாலை எந்த நிறமானாலும் சரி, பிள்ளைக்குப் பிடித்ததை வாங்குங்கள். முந்தின நாளே வந்துவிட்டால் ஈரத்துணி சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள், உள்ளே பழம் எதுவும் இருக்கக் கூடாது. மண்டபத்திலும் சீர்த்தட்டு வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுத்த பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் ரோஜா சீக்கிரமே இதழ் உதிர்க்கும்.