வெள்ளை ட்யூபைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

கேள்வி: மாநிறமான அம்மாவின் முகத்தை நான்கே வண்ணங்களில் அக்ரிலிக்கில் தீட்டுகிறேன். நிழல் சேறாகிறது, வெளிச்சப் பகுதி பவுடர் அப்பியதுபோல் வெளிறுகிறது. ஏன்?

பதில்: இரண்டுக்கும் பெரும்பாலும் வெள்ளைதான் காரணம். நிழலில் அது கலந்தால் சாம்பல் பூக்கும். ஒளியில் மிகுந்தால் தோலின் சூடு போய்விடும்.

முதலில் கறுப்பைச் சரிபாருங்கள். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் முறையில் வெள்ளை, எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் (ஆரஞ்சு சாயும் சிவப்பு), ஐவரி பிளாக் (ஒருவகைக் கறுப்பு) என்று நான்கே. வெர்மிலியனுக்குப் பதில் இன்று காட்மியம் ரெட் லைட் போதும். நீலத்தின் வேலையைக் கறுப்பே பார்க்கிறது: ஐவரி பிளாக்கில் வெள்ளை சேர்ந்தால் நீலம் படிந்த சாம்பல், ஓக்கர் சேர்ந்தால் ஆலிவ் பச்சை. மார்ஸ் பிளாக் என்ற இன்னொரு கறுப்பில் இந்த நீலச்சாயல் கிடைக்காது. அதில் மிளகளவே கலவையை விழுங்கிவிடும். ட்யூபில் நிறமிக் குறியீடு PBk 9 என்றிருந்தால் ஐவரி, PBk 11 என்றால் மார்ஸ்.

கண்ணைச் சுருக்கி முகத்தைப் பாருங்கள். கண்குழி, மூக்கின் அடி, தாடையின் கீழ் எல்லாம் சேர்ந்து ஒரே நிழல் திட்டாகத் தெரியும். 12×16 அங்குல போர்டில் அதை ஒரு அங்குலத் தட்டை பிரஷ்ஷால் ஒரே கலவையில் போடுங்கள்: சிவப்பு 2 பங்கு, ஓக்கர் 1, கறுப்பு 1, வெள்ளை அறவே வேண்டாம். ஒளிக்கும் நிழலுக்கும் நடுவான இடைநிலைக்கு ஓக்கர் 3, சிவப்பு 1, துளி கறுப்பு, துளி வெள்ளை. ஒளிக்கு அதே கலவையில் முதலில் ஓக்கரைக் கூட்டி, போதாதபோது மட்டும் வெள்ளை. கம்பெனிக்குக் கம்பெனி வண்ணத்தின் வலு மாறும். இந்த அளவுகள் தொடக்கத்துக்குத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் மாநிற நெற்றியின் மினுமினுப்புக்கு வெறும் வெள்ளை வேண்டாம், அந்த நீலச் சாம்பலை வையுங்கள்.

அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். அதனால் இடைநிலை நிழலோடு ஒட்டிப்போய் முகம் தட்டையாகும். துண்டு அட்டையில் தடவி, காய்ந்தபின் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி காய்ந்ததைத் தேய்த்து இழைக்கவே கூடாது, அடிப்பூச்சு பெயர்ந்து வரும். இரண்டு நிறங்களுக்கும் நடுவான ஒரு நிறத்தைக் கலந்து அவற்றின் இடையில் வையுங்கள்.

உணர்ச்சிக்கு ஏதாவது ஓரிரு இடங்களை மிகையாக்கினால் போதும். காதும் மூக்கு நுனியும் நிஜத்தைவிடச் சிவந்திருக்கட்டும்; கூந்தலின் ஓரம் பின்னணியில் கரையட்டும். இமைமுடிகளை எண்ணி வரைவது எதற்கு?

அம்மா மங்கிய நீலச் சேலை கட்டியிருந்தால் ஐந்தாவது ட்யூப் தேட வேண்டாம். சிவந்த தோலுக்குப் பக்கத்தில் கறுப்பு-வெள்ளைச் சாம்பலே நீலமாகத் தெரியும். மயில்கழுத்து நிறம் மட்டும் இந்த நான்கில் வராது.