உள்ள நுழைஞ்சதும் துப்பாக்கி ஜாம் ஆனா? கேளுங்க, சொல்றேன்

போலீஸ்காரங்களுக்கு ரேஞ்சுல சுடக் கத்துக்குடுத்தவன் நான். ரூம் என்ட்ரி, அதாவது ஆயுதத்தோட ஆள் இருக்கற ரூமுக்குள்ள டீமா புகறது பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒண்ணொண்ணா வர்றேன்.

கேள்வி: அண்ணா, கதவை உடைச்சு உள்ள போறோம், ட்ரிகரை இழுத்தா 'டிக்'னு மட்டும் சத்தம் வருது. முதல்ல என்ன பண்ணணும்?

துப்பாக்கியைப் பாக்காத தம்பி. எல்லாருக்கும் கண்ணு தன்னால கீழ போயிடும், அங்கதான் வினையே. வாசப்படில நின்னுட்டா பின்னாடி வர்றவங்களையும் அடைச்சுக்கிட்டு நிப்ப, உள்ள இருக்கறவனுக்கும் நீதான் குறி. அதனால நீ போக வேண்டிய மூலைக்குப் போய்க்கிட்டே இருக்கணும், போற போக்குலயே பெரிய துப்பாக்கியை வார்ல தொங்க விட்டுட்டு இடுப்புல இருக்கற பிஸ்டலை எடுக்கணும். ரிப்பேரெல்லாம் ரூம் அடங்கினப்புறம்.

கேள்வி: நிஜமா இப்படி நடந்திருக்கா சார்?

1980 மே 5, லண்டன்ல ஈரான் தூதரகம். 6 பேர் துப்பாக்கியோட புகுந்து 26 பேரைப் பிடிச்சு வச்சிருந்தாங்க, நாள்கணக்கா போலீஸ்தான் பேசிப் பாத்தாங்க, பணயக்கைதி ஒருத்தரைக் கொன்னு பிணத்தை வெளிய போட்டதும் வேலை பிரிட்டிஷ் ராணுவத்தோட சிறப்புப் படையான எஸ்ஏஎஸ் கைக்குப் போச்சு. உள்ள போன ஒரு வீரரோட எம்பி5 சப்மெஷின் கன் சரியான நேரத்துல சுடலை, அவர் பிரௌனிங் பிஸ்டலை உருவி வேலையை முடிச்சார். மொத்த ஆபரேஷனும் 17 நிமிஷம். பணயக்கைதியா மாட்டின கான்ஸ்டபிள் ட்ரெவர் லாக், கோட்டுக்குள்ள ரிவால்வரை மறைச்சு வச்சுக்கிட்டு அத்தனை நாளும் கோட்டைக் கழட்டவே இல்ல, டாய்லெட் போனா தெரிஞ்சிடும்னு சாப்பாட்டையே குறைச்சுக்கிட்டார். அந்த மனுஷனை நினைச்சா இன்னும் ஆச்சரியம்தான்.

கேள்வி: பிஸ்டலும் மக்கர் பண்ணா?

தோட்டா இருக்கற மேகசின் அடில ஓங்கி ஒரு தட்டு, பிஸ்டல் மேல நகர்ற ஸ்லைடை முழுசா பின்னாடி இழுத்து விடு. வெடிக்காத ரவுண்டுக்கும் (தோட்டாவுக்கும்), சுட்டப்புறம் காலி கேஸ் வெளிய விழாம மேல சொருகி நிக்கறதுக்கும் பெரும்பாலும் இதே போதும். ரெண்டு ரவுண்டு ஒண்ணா நுழைஞ்சு சிக்கிக்கிச்சுன்னா மேகசினையே கழட்டணும், அது ரூம் நடுவுல நின்னு பண்ற வேலை இல்ல. பக்கத்துல இருக்கறவன் உன் பக்கத்தையும் சேத்துப் பாத்துக்குவான், டீமா போறதே அதுக்குத்தான்.

கேள்வி: ஜாம் ஆனா முட்டி போட்டு உக்காரணும்னு சொல்றாங்களே அண்ணே?

சில டீம்ல அப்படித்தான், மேல இருந்து கூட்டாளி சுடலாம்னு. சின்ன ரூம்ல எனக்குப் பிடிக்காது. உக்காந்தவன் சரி பண்ணிட்டு சட்டுனு எந்திரிப்பான் பாரு, நேரா கூட்டாளியோட குண்டுக்கு முன்னாடி தலை வந்து நிக்கும். உக்காந்தேன்னா அவன் சொல்லாம எந்திரிக்கக் கூடாது.

கேள்வி: ரிவால்வர்னா இந்தத் தொல்லையே இல்லையாமே?

பாதி உண்மை. வெடிக்கலன்னா மறுபடி இழு, அடுத்த ரவுண்டு வந்து நிக்கும். 1994 டிசம்பர் 26, மார்செய்ல்ல கடத்தின விமானத்துக்குள்ள பிரான்சோட சிறப்புப் படை ஜிஐஜிஎன் போனப்போ முதல் ஆள் கைல மானுரின் எம்ஆர்73 ரிவால்வர்தான். ஆனா சிலிண்டரே இறுகிக்கிச்சுன்னா தட்டி சரி பண்ற கதையே கிடையாது, போதாததுக்கு 6 ரவுண்டுதான்.

கேள்வி: ரேஞ்சுல வெடிக்கலன்னா 30 செகண்ட் அப்படியே பிடின்னு சொல்றீங்க, இங்க உடனே இழுங்கறீங்க?

நல்ல கேள்விம்மா. ரவுண்டு லேட்டா வெடிக்கலாம், ரேஞ்சுல அவசரம் இல்ல, அதனால காத்திரு. எதிர்ல ஆள் நிக்கறப்போ அவன் காத்திருக்க மாட்டான்ல.

கேள்வி: இதை எப்படி பழகறது?

கூட்டாளிகிட்ட மேகசினைக் குடு, அவன் நடுநடுவுல வெடிக்காத டம்மி ரவுண்டு போட்டுத் தரட்டும், எப்ப நிக்கும்னு உனக்குத் தெரியக் கூடாது. அப்புறம் மேகசினுக்கெல்லாம் நம்பர் எழுது, பாதி ஜாமுக்கு அதோட உதடு, அதாவது தோட்டாவைப் பிடிச்சு நிக்கற மேல் விளிம்பு, வளைஞ்சதுதான் காரணம். நான் ஒரு தடவை கெட்டுப்போன மேகசின்ல சிவப்பு பெயின்ட் அடிச்சு ஓரமா வச்சேன், யாரோ பெயின்ட்டை சுரண்டிட்டு கணக்கு சரியா இருக்கணும்னு பெட்டிலயே திரும்ப வச்சுட்டாங்க.