முதல் தந்திக்கு வெளியே

அன்புள்ள ஐயா,

முதல்முறையாக ஸ்டீல் தந்தி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் பட்டை) அகலம் 43 மி.மீ. வைப்பதா, 44.5 வைப்பதா? எலும்பு நட்டா, பிளாஸ்டிக்கா? தந்திகளை மையத்துக்கு மையம் சமமாகப் பிரிப்பதா, நடுவில் உள்ள இடைவெளி சமமாக வரும்படி பிரிப்பதா? படித்துப் படித்துக் குழம்பியதுதான் மிச்சம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எலும்பே வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தை உங்கள் கைதான் சொல்ல வேண்டும். விரலால் மீட்டுபவர் என்றால் 44.5, பிக் வைத்து கார்டு அடிப்பவர் என்றால் 43 போதும்.

பிரிப்பதில், இடைவெளியைச் சமமாக்குங்கள். சாதாரண லைட் செட்டில் (மெல்லிய தந்தித் தொகுப்பு) முதல் தந்தி 0.30 மி.மீ., ஆறாவது 1.35. முதல் தந்தியிலிருந்து ஆறாவது வரை 38 மி.மீ. என்று வைத்து மையங்களைச் சமமாகப் பிரித்தால், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே 7.25 மி.மீ. கிடைக்கும், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே 6.4 தான். இடைவெளியைச் சமமாக்கினால் எல்லா இடத்திலும் 6.85 வரும். சரி, இது முடிந்தது.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். தந்திகளுக்கு நடுவே உள்ள இடத்துக்காக இவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டவர், முதல் தந்திக்கு வெளியே எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

என் முதல் கிட்டாரைத் தங்கைக்காகச் செய்தேன். மரத்தின் ஓரத்திலிருந்து இரு பக்கமும் 2 மி.மீ. விட்டு நட்டில் அரம் போட்டேன். ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) முனைகளைச் சாய்வாக ராவியதில் பக்கத்துக்கு ஒரு மி.மீ. ஏற்கெனவே போயிருந்தது, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் நாளே மூன்றாவது ஃபிரெட்டில் அவள் புல்-ஆஃப் செய்தபோது (அழுத்திய விரலாலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து விடுவது), தந்தி அந்தச் சரிவில் வழுக்கி ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. சுரம் வரவில்லை, 'டக்' என்று ஒரு சத்தம்தான். "அண்ணா, இது ஓடிப்போகுது" என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை, விரலை மாற்றிக்கொண்டாள். இன்றைக்கும், எந்தக் கிட்டாரைக் கையில் எடுத்தாலும், அவள் மோதிர விரல் தந்தியை ஒரு நூலளவு உள்ளே தள்ளியே அழுத்துகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும்.

அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மரத்தின் ஓரத்திலிருந்து அளக்காதீர்கள். ஃபிரெட்டின் மேல்பக்கம் சரியத் தொடங்கும் இடத்திலிருந்து அளங்கள். 44.5 நட்டில் முதல் தந்திக்கு வெளியே அங்கிருந்து இரண்டரை மி.மீ. இருக்கட்டும், ஆறாவதுக்கு 2 போதும். கீழ்நோக்கி இழுபடுவது முதல் தந்திதான், அதற்குத்தான் கூடுதல் இடம் வேண்டும். நட்டில் முதலில் தந்தி உட்காரும் அளவுக்கு லேசாகக் கீறி, மாட்டி, வாசித்துப் பாருங்கள். ஆழப்படுத்துவது அப்புறம்.

பிரிட்ஜை, அதாவது கிட்டாரின் உடலில் தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டையை, ஒட்டிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. ஒட்டியிருக்காவிட்டால் இன்றைக்கு ஒட்ட வேண்டாம். கிளாம்ப் போட்டுச் சும்மா நிறுத்தி, முதல் தந்திக்கும் ஆறாவதுக்கும் நட்டிலிருந்து சாடில் (பிரிட்ஜின் மேல் தந்திகள் உட்காரும் பட்டை) வரை நூல் கட்டி, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் இரு ஓரத்தையும் அளந்து பாருங்கள். கழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நூல் காட்டிக்கொடுத்துவிடும். பிரிட்ஜை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று அப்போது தெரியும். அளவுகளை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.